கட்டிலோரத்து ஈரம்

கப்பலேறிய மூன்றாவது நாளும் அறைக் கம்பளம் அதே இடத்தில் நனைந்திருந்தது. அசர் தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்வோம் என்று ஸகியா கட்டிலின் இடது பக்கத்தில் காலை வைத்தாள். உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. குனிந்து தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முதல் நாளே வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னாள். அங்கிருந்த பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஏசியிலிருந்து வடிகிறது என்றாள். மறுநாள் வந்த துப்புரவுக்காரன் ஏசியை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான், துவாயால் ஈரத்தை ஒற்றினான், போய்விட்டான். ஏசி கட்டிலின் வலது பக்கத்தில் இருந்தது. வடிகிற தண்ணீர் கட்டிலைத் தாண்டிக் குதித்து இந்தப் பக்கம் வந்து விழுமா என்று கேட்க அவளுடைய ஆங்கிலம் போதவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. சோதனைச் சாவடிகள் குறைந்து, பாஸ்போர்ட்டுக்காக ஆட்கள் கொழும்புக்கு அலையத் தொடங்கிய காலம். ஸகியாவின் புருஷன் முனாப் இந்த உல்லாசக் கப்பலில் சமையற்காரன். வேலைக்காரர்களின் குடும்பம் வருடத்தில் ஒரு தடவை சும்மா வரலாம் என்ற சலுகையில்தான் அவளைக் கூட்டி வந்திருந்தான். இந்தோனேசியாவுக்கு அப்பால் கிடக்கிற எரிமலைத் தீவுகளை ஏழு நாளில் ஆறுதலாக, மெல்ல மெல்லச் சுற்றிக் காட்டுவது இந்தக் கப்பலின் தொழில். ஆறுதல் என்றால் அப்படியொரு ஆறுதல். அக்கரைப்பற்று பஸ் வழியெல்லாம் நின்று நின்று போனாலும் இதைவிடச் சீக்கிரம் ஊர் போய்ச் சேரும். கரிச்சட்டியைக் கவிழ்த்தது போன்ற ஒரு தீவு காலையில் தெரியும். மாலையிலும் அதே தீவுதான் தெரியும், புகை மட்டும் பக்கம் மாறியிருக்கும். மேல்தட்டில் வெள்ளைக்காரர்கள் சாய்கதிரையில் கிடந்து அதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

முனாப்போ விடியுமுன் போனால் அவள் கண்ணயர்ந்த பிறகுதான் வருவான். அவனிடம் ஒரு விசயம் சொல்லத்தான் அவள் பயந்து பயந்து கடலேறியிருந்தாள். வீட்டில் சொல்ல முடியாத கதை அது. சுவருக்கும் காது உண்டு, அடுத்த வளவில் மாமியும் உண்டு. கப்பலில் என்றால் ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். மூன்று நாளில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவன் முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் ஈரத்தோடு மணலும் கிடந்தது. ஒரு பிடி இருக்கும். துடைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். இந்தத் தீவுகளில் கரை எல்லாம் கறுப்பு; போய் வந்தவர்களின் செருப்பில் ஒட்டி வந்ததும் கறுப்பு மணல்தான். இது வெளுத்த, மஞ்சள் கலந்த, சிப்பித்தூள் மினுங்குகிற மணல். கல்முனைக்குடிக் கடற்கரை மணல். பிறந்ததிலிருந்து மிதித்த மண்ணை எவளுக்குத் தெரியாது.

வட்ட ஜன்னலை இறுக்கிப் பூட்டினாள். தீவுகளிலிருந்து வருகிற கந்தக நெடி நின்றது. அதன் அடியில் இவ்வளவு நேரமும் ஒளிந்திருந்த இன்னொரு வாடை அப்போதுதான் மேலே வந்தது. டெட்டோலும் நீற்றுச் சுண்ணாம்பும், அவை இரண்டாலும் மூட முடியாத ஒன்றும். ஆறு வருடத்துக்கு முன் பள்ளிவாசல் முற்றத்தில் மூக்கில் ஏறிய வாடை.

சுனாமியன்று ஸகியா சம்மாந்துறையில் சாச்சி வீட்டில் நின்றதால் தப்பினாள். கடற்கரையோடு இருந்த அவளுடைய வீடு அத்திவாரத்தோடு போயிற்று. உள்ளே படுத்திருந்த அவளுடைய முதல் புருஷன் ஹமீட்டும் போனான். மையத்து கிடைக்கவில்லை. காணாமற்போனவனின் பெண்சாதி நாலு வருடம் பார்த்திருக்க வேண்டும், அதன்பிறகுதான் இத்தா, மறுமணத்துக்கு முன் தனித்திருக்கிற காலம், என்று ஆட்கள் கதைத்துக்கொண்டார்கள். மையத்து கிடைத்துவிட்டால் நாலு மாதமும் பத்து நாளும் இருந்தால் போதும். அவளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. கரையில் குந்தியிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களை அவள் பார்த்தாள். நாலு வருடம் என்ற சொல்தான் அலையைவிடப் பெரிதாக வந்து அவள்மேல் விழுந்தது.

சுனாமி அடித்த ஐந்தாம் நாள் பள்ளிவாசல் முற்றத்தில் கிடந்த ஆள் அடையாளமற்ற ஒரு மையத்தை அவள் காட்டினாள். முகம் இல்லை. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. எப்போதோ அறுபட்டு ஆறிப்போன பழைய காயம். ஹமீட்டுக்குப் பத்து விரலும் முழுதாக இருந்தன. பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் சீனிமுகம்மது இரண்டு பேரைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு கேட்டார்.

“வடிவாப் பாத்துச் சொல்லுங்க மகள். இது ஒங்கட மாப்புளதானா?”

“ஓம்,” என்றாள் ஸகியா.

குளிப்பாட்டக்கூட முடியாத நிலையில் தொழுவித்து ஹமீட்டின் பெயரில் அடக்கினார்கள். அவள் இத்தா இருந்தாள். இரண்டாம் வருடம் முனாப்பைக் கட்டினாள். தங்கமான மனுசன். அந்த ‘ஓம்’ இல்லாவிட்டால் அந்த நிக்காஹ் கூடியிருக்குமா என்ற கேள்வியை அவள் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தினமும் படுத்தாள். போன மாதம் பாண்டிருப்பிலிருந்து தயிர் கொண்டுவருகிற செல்லத்தங்கம் அக்கா அந்தக் கேள்வியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டாள். யுத்தத்தில் காணாமற்போன தன் புருஷனுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னார்களாம். இவள் வாங்கவில்லையாம். “ஆளக் காணாம ஓம் எண்டு எப்பிடிப் புள்ள சொல்ற? சொன்னாப் பிறகு அது அப்பிடியே நிண்டுருமே,” என்றாள். அன்றிலிருந்து ஸகியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பலில் மணலைக் கண்ட அன்றைக்கே அவள் குசினி வாசலுக்குப் போனாள். முனாப் ஏப்ரனில் கை துடைத்தபடி ஓடி வந்தான். ஹமீட்டின் மையத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினாள். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

“மௌத்தானவர்ர கதைய இப்ப என்னத்துக்குப் புள்ள? அடுப்பில முந்நூறு பேர்ட சாப்பாடு இரிக்கி. நாளைக்கு லுஹருக்குப் பிறகு லீவு கேட்டிரிக்கன். வந்து ஆறுதலா இருந்து கேக்கன்.”

கம்பள ஈரத்தைச் சொன்னாள். ஏசியாக இருக்கும் என்றான் அவனும். அவளுக்கு அழுகை வந்தது. கப்பல் முழுக்க ஒரு ஆள் கூட இல்லையா, ஒரு சொல்லை முழுதாகக் கேட்க?

திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றாள். ஈரம் இப்போது கட்டிலோரத்தில் மட்டும் இல்லை. வாசற்படியிலிருந்து கட்டில் வரை பாதம் பாதமாகப் பதிந்திருந்தது. ஆம்பிளைப் பாதம். மெல்ல, மரியாதையாக, ஒரு புது வீட்டுக்குள் நுழைகிறவன் வைக்கிற அடிகள். திரும்பிப் போன அடி ஒன்றும் இல்லை.

அவளுடைய ஊரில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வருவான். வாசலில் பெண்ணின் தம்பி செம்புத் தண்ணீரால் அவன் காலைக் கழுவிவிட, அந்த ஈரக்காலோடுதான் படியேறுவான். உள்ளே வந்து பெண்ணின் நெற்றியில் வலது கையை வைத்து ஓதுவான். ஹமீட்டும் அப்படித்தான் வந்தான், முனாப்பும் அப்படித்தான் வந்தான். சுனாமிக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த வீடு கடலிலிருந்து இரண்டு கட்டை தூரம் உள்ளே, வயல் பக்கம். கடலின்மேல் அவள் கட்டில் போட்டுப் படுப்பது இதுதான் முதல் தடவை.

இந்தப் பாதங்களை யார் கழுவிவிட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்ததை உடனே விட்டுவிட்டாள்.

மறுநாள் பகல் பத்து மணிக்குக் கப்பலுக்கு எதிரே இருந்த தீவு ஒரு தரம் உறுமியது. பதினொரு மணிக்குச் சாம்பல் விழத் தொடங்கியது. பெரிய ஆபத்தில்லை, எல்லோரும் அறைக்குள் இருங்கள், ஜன்னலைப் பூட்டுங்கள் என்று ஒலிபெருக்கி ஐந்தாறு பாஷையில் சொன்னது. லுஹர் நேரத்தில், உச்சிப் பகலில், வெளியே சூரியன் இருந்த அடையாளமே இல்லை. கண்ணாடியில் சாம்பல் மாவு சலிப்பது போல விழுந்துகொண்டே இருந்தது. பிறகு ஏசி நின்றது. விளக்கும் நின்றது.

ஸகியா கட்டிலின் வலது பக்கத்தில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். கலிமாவை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. அல்ஹம்துலில்லாஹ், சொன்னபடி முனாப் வந்துவிட்டான். கட்டிலின் இடது பக்கம் மெல்ல அமிழ்ந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. குசினியில் களைத்துப் போயிருப்பான்.

முகம் தெரியாத இருட்டு. சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. திரும்பிப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று சுவருக்கே சொன்னாள்.

“கோவிக்க வேணாம். நான் ஒங்களுக்கு மறச்சிட்டன். அண்டைக்கு நான் காட்டின மையத்து ஹமீட் இல்ல. அது ஆர் எண்டே எனக்குத் தெரியா. எனக்கு அவர் ஒண்டுமில்ல.”

மூச்சுக்கூடக் கேட்கவில்லை. சொட்டு மட்டும் கேட்டது. கம்பளத்தில். ஒன்று. இன்னொன்று.

சுவரில் இருந்த டெலிபோன் அடித்தது. கையை நீட்டி எடுத்தாள்.

“புள்ள, பயந்திராதீங்க,” என்றான் முனாப். பின்னால் சட்டிகள் உருளுகிற சத்தம். “கரண்ட் இல்ல. குசினிய விட்டு இப்ப வர ஏலா. கதவப் பூட்டிட்டு இரிங்க.”

வைத்துவிட்டான்.

அவள் கத்தவில்லை. சுவரோடு சுவராக ஊர்ந்து கட்டிலின் கால்மாட்டால் இறங்கினாள். வாடை. சுண்ணாம்பு. டெட்டோல். கதவு எங்கே. கைப்பிடி. அது ஈரமாக இருந்தது.

அவள் இழுக்குமுன் வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். திறந்தாள். அன்றைக்குத் தலையைச் சொறிந்த அதே துப்புரவுக்காரன், ஒரு கையில் டோர்ச், மறு கையில் பட்டியல். அறை அறையாக ஆட்களை எண்ணிக்கொண்டு வருகிறான். அவளைப் பார்த்தான். பிறகு வெளிச்சத்தை அவள் தோளுக்கு மேலால் உள்ளே அடித்தான். சத்தியமாக அவன் எதையோ பார்த்தான். திடுக்கிடாமல், சாதாரணமாக, கட்டிலில் இருக்கிற ஒரு ஆளைப் பார்ப்பது போலத் தலையை லேசாகக் குனிந்தான்.

“யுவர் ஹஸ்பண்ட், மேடம்?”

இந்த ஐந்து நாளில் அவளிடம் ஒருவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல். சொன்னால், அப்படியானால் இது யார் என்று கேட்பான். ஆட்கள் வருவார்கள். முனாப் வருவான். இது யார் என்று முனாப்பும் கேட்பான். அந்த வலது கையைப் பார்ப்பான். ஆறு வருடம் பின்னால் போய், பள்ளி முற்றத்தில் நின்று, எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டிவரும். நிக்காஹ். வீடு. முனாப்.

அவள் வாய் தனக்குப் பழகிய வழியில் போயிற்று.

“ஓம்,” என்றாள். அவனுக்கு விளங்காதே என்று தலையையும் ஆட்டினாள்.

அவன் பட்டியலில் இரண்டு என்று எழுதினான். “தேங்க் யூ, சார்,” என்று அவள் தோளுக்கு மேலால் சொல்லிவிட்டுக் கதவைத் தானே சாத்தினான். வெளிச்சம் கதவின் அடியால் நகர்ந்து அடுத்த அறைக்குப் போனது.

இருட்டு.

கட்டில் எழும்பியது. பாரம் இறங்கியது. ஈரக்கால் கம்பளத்தில் மெல்ல, மரியாதையாக அடி வைத்தது. அவள் திரும்பவில்லை. கதவோடு கன்னத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். மணல் நெறுநெறுத்தது. அடிச்சத்தம் அவள் பின்னால் வந்து நின்றது.

தோளைச் சுற்றி ஒரு கை வந்தது. அவள் முக்காட்டை ஒதுக்கி நெற்றியில் குளிர்ந்து படிந்தது, ஓதப்போகிறவனின் கை போல. பெருவிரல். அதற்கடுத்தது. நடுவிரல்.

அவ்வளவுதான்.