கண்ணைப் பொத்திய கை

திரை இருண்டுவிட்டது, ஆனால் சத்தம் நிற்கவில்லை. மாடிப்படியில் யாரோ இறங்கும் காலடி, ஒரு கதவு கிறீச்சிடுவது, ஒரு ஆள் இருமுவது எல்லாம் ஹெட்போனில் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. படம் மட்டும் இல்லை. அந்த இருட்டும் முழு இருட்டாக இல்லை. நடுவில் அடர்ந்தும், சில இடங்களில் மெல்லிய சிவப்புக் கோடுகளாகப் பிளந்தும் கிடந்தது. எரியும் டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் தெரியுமே, அந்தச் சிவப்பு. அவளுடைய அலுவலகத்தில் எல்லா வீடியோவும் கறுப்பு வெள்ளையில்தான் வரும். ரத்தம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பார்ப்பவர் மனசு தாங்கும் என்று யாரோ செய்துவைத்த ஏற்பாடு. அந்தத் திரையில் சிவப்பு வர வழியே இல்லை.

அவள் மானிட்டரின் ஓரத்தைத் தட்டினாள்.

"என்ன மேடம், அது டிரான்சிஸ்டரா?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவனை எல்லாரும் சோடா என்றே கூப்பிடுவார்கள்.

"இருட்டாயிடுச்சு."

"அதுக்கா, உங்களுக்கா?"

"உன் கண்ணாடியைக் குடேன், போட்டுப் பாக்குறேன்."

"இதைப் போட்டா எல்லாம் நல்லாத் தெரியும். இந்த வேலைக்கு அது ஆகாது."

அதற்குள் படம் திரும்பிவிட்டது. காலியான மாடிப்படி, சுவரில் ஒரு குடை. அவ்வளவுதான். அவள் 'விடு' என்ற பொத்தானை அழுத்தினாள். அடுத்தது வந்தது.

அதுதான் அவள் வேலை. உலகம் முழுக்க யார் யாரோ எடுத்துப் போடும் வீடியோக்களில், பார்த்தவர்கள் புகார் சொன்னவை வரிசையாக வரும். பார்த்துவிட்டு நீக்கு அல்லது விடு என்று முடிவு சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்திருக்கிறாள். பிறகு வாந்தி நின்றது. கனவும் நின்றது. கடைசியாக எது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை டீம் லீடர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நேற்றைய மாடிப்படி அவர் திரையில் நின்றிருந்தது.

"இதை எப்படி விட்டீங்க?"

"முழுசாப் பாத்தேன் சார். ஒண்ணும் இல்லையே."

அவர் அதை ஓட விட்டார். காலடி, கதவு, இருமல். இருமல் முடியும் முன்பே இருட்டு வந்தது. இந்த முறை அவள் திரையைத் தட்டவில்லை. இருட்டு திரையில் இல்லை என்று தெரிந்துவிட்டது. இமைகளின் மேல் வெதுவெதுப்பு. மூக்குத் தண்டின் மேல் சிறு பாரம். கன்ன எலும்பை ஒட்டி ஒரு சுண்டுவிரல். துணி சோப்பின் வாசனை, அதற்கு அடியில் ஈரத்தில் ஊறிய தோலின் வாசனை. ஒலிபெருக்கியில் ஏதோ நடந்துகொண்டே இருந்தது.

இருட்டு விலகியபோது டீம் லீடர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"ஒண்ணுமே தோணலையா?"

"தப்புதான் சார். நீக்கியிருக்கணும்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் நேத்து ராத்திரி சாப்பிடல. நீங்க லீவு போட்டு வீட்டுல இருங்க. குழந்தையோட இருங்க" என்றார்.

இருக்கைக்குத் திரும்பும்போது அவளுக்குப் பயம் இல்லை. பயப்பட வேண்டிய இடம் இது என்ற தகவல் மட்டும் இருந்தது. அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதன் கீழேதான் வளர்ந்தாள்.

அப்பா டிவியை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவர். விடுமுறை நாளில் ஒரு படம், அதுவும் அவர் கேட்டு விசாரித்த படம். செய்தித்தாள் அவர் படித்து முடித்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வரும். விபத்துப் படம், கொலைப் படம் இருந்த இடமெல்லாம் கத்தரிக்கப்பட்டு, ஜன்னல் வைத்த மாதிரி இருக்கும். அந்த ஓட்டைகள் வழியாக அவளும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துப் பழிப்புக் காட்டிக்கொள்வார்கள். சித்தப்பா ஒருமுறை டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் வாங்கிக் கொடுத்தார். அப்பா அதைத் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் ஆடும்போது பிளக் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். திரையில் ஓடுகிற குட்டி மனிதனுக்கு ஒரே ஒரு உயிர் மிச்சம் என்று வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அண்ணன் தரையில் புரண்டு அழுவான்.

"சாகுறது என்னடா விளையாட்டு? பாத்துப் பாத்துப் பழகிடும்" என்பார்.

அந்த வீட்டில் எதுவும் சாக அனுமதி இல்லை. அதையும் மீறி, அப்பா விசாரித்த படத்திலேயே ஒருவன் கத்தியை எடுத்துவிட்டால் பின்னாலிருந்து அம்மாவின் கை வரும். "முடிஞ்சுதாம்மா?" என்று இவள் கேட்பாள். "இன்னும் இல்ல" என்பாள் அம்மா. விரலிடுக்கில் சிவப்பாக வெளிச்சம். பிறகு கை விலகும். திரையில் யாராவது நடந்து போய்க்கொண்டிருப்பார்கள், அல்லது பாட்டு வந்திருக்கும்.

அப்பா இப்போது இல்லை. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை, அவ்வளவுதான்.

அன்று மதியத்தோடு கிளம்பினாள். சாலையைக் கடக்க நின்றபோது வெயிலில் கண் கூசியது. எதிர்ப்புறம் ஒரு இளைஞன் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டிருந்தான். ஒரு பேருந்து திரும்பியது. எல்லாம் சாதாரணமாக இருந்தது.

கை வந்தது.

முதலில் கை. பிறகுதான் பிரேக் சத்தம். பிறகு தகரம் நசுங்குவது, ஒரு பெண்ணின் குரல், செருப்புகள் ஓடுவது. இருட்டுக்குள் அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். யாரோ அவளை இடித்துக்கொண்டு போனார்கள். கை மெதுவாக, ஒவ்வொரு விரலாக விலகியபோது நடுச்சாலையில் கூட்டத்தின் முதுகுகள்தான் தெரிந்தன.

மூடியதற்கு அவள் நன்றி சொல்லியிருப்பாள். ஆனால் கை சத்தத்துக்கு முன்னால் வந்தது. அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து, அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"என்னடி இந்த நேரத்துல? வேலை இல்லையா?"

"லீவு. அம்மா, சின்ன வயசுல படம் பாக்குறப்ப என் கண்ணைப் பொத்துவியே, எப்ப பொத்தணும்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் படத்தையெல்லாம் நீ முன்னாடியே பாத்திருந்தியா?"

"நான் எங்கடி பொத்தினேன்?"

"விளையாடாதம்மா."

"நான் சட்டை கம்பெனிக்கு வீட்டுல உக்காந்து பட்டன் தைப்பேன்ல, அதுகூட மறந்துடுச்சா? டிவி ஓடுறப்பவும் தைப்பேன். ஒரு கைல சட்டை, ஒரு கைல ஊசி. ஊசி பிடிச்ச கையைக் கொண்டுபோய் யாராவது புள்ள கண்ணுல வைப்பாங்களா?"

"முடிஞ்சுதான்னு கேப்பேனே. இன்னும் இல்லன்னு சொல்லுவியே."

"சொல்லுவேன். நீ தலையைப் பின்னால சாய்ச்சுக்கிட்டு, முழிச்ச கண்ணு முழிச்சபடி, எதையுமே பாக்காத மாதிரி இருப்ப. முடிஞ்சுதான்னு கேப்ப. பயந்த புள்ள, இப்படி ஒரு பழக்கம்னு நானும் பதில் சொல்லி வைப்பேன். ஏன், இப்ப என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"குரல் ஒரு மாதிரி இருக்கே. வாலு எப்படி இருக்கா? தாடைக் காயம் ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வாலு என்பது அவள் மகள். முதல் வகுப்பு. கணவனுக்கு வேறு ஊரில் வேலை. வீட்டில் தாயும் மகளும்தான். சில வாரங்களுக்கு முன் பூங்காவில் சறுக்கு மரத்திலிருந்து விழுந்து குழந்தையின் தாடை பிளந்தது. அவள் ஓடிப்போய்க் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். சிறுமி, ரத்தம், தற்செயல், நீக்கத் தேவையில்லை என்று மனம் வகைப்படுத்தியது. வலது ஆள்காட்டி விரல் காற்றில் பொத்தானை அழுத்தியது. வீறிட்டு அழுத குழந்தை அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அழுகையை நிறுத்தியது.

"அம்மா, ஏன் அப்படிப் பாக்குற?"

அந்தக் கேள்வி மட்டும்தான் உள்ளே எங்கோ இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து தினமும் படியேறும்போது முகத்தைத் தயார் செய்துகொள்வாள். புருவத்தை இறக்கி, கன்னத்தை ஏற்றி, கண்ணைச் சுருக்கி. தன்னிடம் எது மிஞ்சியிருக்கிறதோ, எது மிஞ்சாமல் போனதோ, அதைக் குழந்தை இன்னொரு முறை பார்த்துவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கடைப் படியிலிருந்து எழுந்திருக்கவே வெகுநேரம் ஆனது. பேருந்தை விட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருமுனையில் மாடி வீட்டு அக்கா காய்கறிப் பையுடன் எதிரே வந்தாள். பள்ளி வேனிலிருந்து குழந்தையை இறக்கி வீட்டில் விடுவது அந்த அக்காதான்.

"நல்ல வேளை, வந்துட்டீங்க. உங்க அம்மா இருக்காங்களேன்னுதான் நான் கடைக்குக் கிளம்பினேன்."

"எங்க அம்மாவா?"

"உள்ள பேச்சு சத்தம் கேட்டுச்சு. நான் எட்டிப் பாக்கல. வாலு ஒரே சிரிப்பு. ஏன், உங்களுக்குத் தெரியாதா..." என்று ஆரம்பித்தவள், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி, போங்க" என்று ஒதுங்கி வழிவிட்டாள். தேவைக்கு மேலேயே ஒதுங்கினாள்.

படிகள். யாரோ தரை துடைத்த ஈரம் காயவில்லை. முதல் மாடியில் பிரஷர் குக்கர் விசில், அதற்கும் மேலே குழாயில் தண்ணீர் ஏறும் முனகல், கைப்பிடிக் கம்பியில் துருவின் வாசனை. எல்லாம் நேற்றைப் போல, முந்தாநாளைப் போல. அவள் முகத்தைத் தயார் செய்ய முயன்றாள். புருவம் இறங்கவில்லை. கன்னம் ஏறவில்லை. இன்னொருவர் முகத்தை உள்ளிருந்து தள்ளிப் பார்ப்பது போல இருந்தது.

கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை.

உள்ளே துணி சோப்பின் வாசனை. ஈரத் தோல்.

கூடத்தில் விளக்கு போடவில்லை. ஜன்னல் வழியாக வந்த மஞ்சள் வெளிச்சம் தரையில் நீளமாகக் கிடந்தது. அதன் நடுவே விளையாட்டுக் கட்டைகளைப் பரப்பிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி மகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சீருடை. ஒரு காலில் மட்டும் சாக்ஸ். தாடையில் வெளுத்த தழும்பு. சிரித்த வாய்.

வாய்க்கு மேலே கை.

சாதாரணமான கை. நகம் வெட்டிய விரல்கள். நெடுநேரம் தண்ணீரில் இருந்தது போலச் சுருங்கிய நுனிகள். குழந்தையின் இரண்டு கண்களையும் முழுதாகப் பொத்தியிருந்தது. மணிக்கட்டு வரை தெரிந்தது. மணிக்கட்டுக்குப் பின்னால் திரைச்சீலையின் நிழல். அந்த நிழலில் ஒரு ஆள் நிற்க இடம் இல்லை.

"அம்மாவா?" என்றாள் மகள்.

"ஆமா."

"கிட்ட வந்துட்டியா?"

"இல்ல. கதவுகிட்ட இருக்கேன்."

"நான் உன்னைப் பாக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னது?"

குழந்தை தோளைக் குலுக்கியது. "இப்ப பாக்கக் கூடாதாம். அப்புறம் பாக்கலாமாம்."

அவள் காத்திருந்தாள். அவளுடைய கண்களுக்கும் கை வரும். ஏதோ நடக்கப்போகிறது என்றால் அவளுக்கும் வர வேண்டும். எப்போதும் வந்திருக்கிறது. மூக்கின் மேல் பாரத்துக்காக, கன்னத்தில் சுண்டுவிரலுக்காக, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

வரவில்லை.

ஓரடி முன்னால் வைத்தாள். குழந்தையின் முகத்தில் விரல்கள் இறுகின.

நின்றாள். விரல்கள் தளர்ந்தன.

இன்னோரடி. இறுகின. நெற்றியின் தோல் வெளுத்தது.

"வலிக்குதும்மா" என்றாள் மகள். சிரிப்பு இன்னும் போகவில்லை. "நீ அங்கயே நில்லேன்."

"சரி. நிக்கிறேன்."

நின்றாள்.

கால்கள் நிற்கவில்லை.

பாதத்தின் கீழே தரை குளிர்ந்தது. ஒரு கட்டை இடறி உருண்டது. வலது கை தானாக உயர்ந்துகொண்டிருந்தது, ஆள்காட்டி விரல் நீட்டியபடி. அதை அவள் பார்த்தாள். ஒரு கிளிப்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். இமை இறங்கவில்லை. தன் முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை.

திரைச்சீலையின் நிழலிலிருந்து இரண்டாவது கை வந்தது. அவசரமாக வந்து, குழந்தையின் கண்களைப் பொத்தியிருந்த கையின் மேல் அழுந்தப் படிந்தது.