ஆட்டின் வாயில் இரண்டு செடிகள்

அந்த ஊர்ப் பூங்காவில் பூக்களைவிடப் பலகைகள் அதிகம். 'புல்லை மிதிக்காதே', 'பூவைப் பறிக்காதே', 'ஊஞ்சலில் வேகமாக ஆடாதே' என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும், மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாக, 'தண்டாயுதபாணி, பூங்காக் கண்காணிப்பாளர்' என்று எழுதியிருக்கும்.

1982ஆம் வருடக் கோடை விடுமுறையில் அங்கே இரண்டு பயிற்சி மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி சௌந்திரம். இன்னொருவன் அவள் வகுப்பு ராசு. இருவரும் ஏழாவது போகப்போகிறவர்கள். வேளாண்மைக் கல்லூரி ஆசிரியர் கைலாசம் இந்தப் பயிற்சிக்கு அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

வேலை சுலபம்தான். பூங்காவின் பின்பக்கத்தில் நான்கு நான்கு முளைக்குச்சியாக அடித்து, கயிறு கட்டி, மூன்று கட்டங்கள் போட்டிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செடி, எத்தனை செடி என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும்.

"தும்பை, நெருஞ்சி, தொய்யக்கீரை எல்லாம் நம்ம மண்ணுச் செடி. இந்தப் பார்த்தீனியம் மட்டும் கடல் தாண்டி வந்தது" என்று முதல் நாளே காட்டினார் கைலாசம். "பாக்கச் சாமந்தி நாத்து மாதிரி சாதுவா இருக்கும். விட்டா மத்த செடிய வளரவிடாது. தொட்டா சில பேருக்கு அரிச்சு எடுத்துரும்."

"நெறைய இருக்குதுங்க சார்" என்றான் ராசு.

"நெறையன்னு சொன்னா எந்த ஆபீசும் அசையாது தம்பி. இத்தனைன்னு எண்ணி எழுதிக் குடுத்தாத்தான் கல்லூரியில இருந்து ஆள் அனுப்புவாங்க."

எண்ணினார்கள். முதல் வாரம் பார்த்தீனியம் நாற்பது. கோடை மழை ஒன்று பெய்தது. இரண்டாம் வாரம் எழுபத்தொன்று. மூன்றாம் வாரம் தொண்ணூற்றெட்டு. நான்காவது சனிக்கிழமை கைலாசமே நேரில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் சௌந்திரமும் ராசுவும் பூங்காவுக்குப் போனார்கள். பின்பக்கம் போனதும் சௌந்திரம் அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று கட்டங்களும் மொட்டையாக இருந்தன. ஒரு புல் இல்லை. தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு கோலம் போட்டிருந்தது. நடுக்கட்டத்தில் கோலத்துக்குக் கீழே 'நல்வரவு' என்றும் எழுதியிருந்தது.

"எப்படி?" என்று பின்னாலிருந்து கேட்டது ஒரு குரல். தண்டாயுதபாணி இடுப்பில் கை வைத்து நின்றார். "காலேஜ் வாத்தியாரு வாராரு. குப்பையும் கூளமுமாவா காட்டறது?"

"செடியெல்லாம் எங்கீங்க சார்?"

"புடுங்கியாச்சு. உங்களுக்கும் சுளுவாப் போச்சு. பார்த்தீனியம் பூஜ்யம்னு எழுதிக்குங்க. விஷச்செடி இல்லாத பூங்கான்னு பேப்பர்லகூட வரும்."

அவர் போனதும் ராசு உற்சாகமாகப் பென்சிலை எடுத்தான். "பூஜ்யம் போடறது எனக்கு நல்லா வரும். வருசம் பூரா கணக்குப் பரீட்சையில வாங்கிப் பழக்கம்."

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சற்றுத் தள்ளிக் குழாயடியில் ராமாயி அக்கா உட்கார்ந்து கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பூங்காவில் களை எடுப்பவர் அவர் ஒருவர்தான். இரண்டு கைகளும் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தன.

"ஏனுங்க்கா, கையி என்னாச்சுங்க?"

"அந்தச் சாமந்தி மாதிரிச் செடிதான் சாமி. தொட்டாலே அரிப்பு. ராத்திரி தூங்க உடமாட்டீங்குது. கைக்கு உறை வாங்கிக் குடுங்கன்னு ஐயாகிட்டக் கேட்டேன். 'என் பூங்காவுல விஷச்செடியே கெடையாது, போய்ச் சோப்புப் போட்டுக் குளி'ன்னுட்டாரு."

சௌந்திரம் ராசுவின் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினாள்.

"பூஜ்யம் போடக்கூடாதுடா. செடி இல்லைன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அக்கா கையி அரிக்குதுன்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

"அதுக்காக இல்லாத செடிய எப்படி எண்ணறது?"

அதுவும் நியாயம்தான். சௌந்திரம் கொஞ்சம் யோசித்தாள். "அக்கா, புடுங்குன செடிய எங்க போட்டீங்க?"

"குப்பைக் குழிக்குப் பக்கத்துல. கட்டத்துக்கு ஒரு குமியா வெச்சிருக்கறேன். குமிய எண்ணிப் பாத்தாத்தான் ஐயா வேலை முடிஞ்சுதுன்னு ஒத்துக்குவாரு."

இருவரும் ஓடினார்கள். மூன்று குவியல்கள், வாடியும் வாடாமலும் கிடந்தன. வேர் ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தது. ராமாயி அக்கா அரைகுறையாகப் பிடுங்குகிறவர் இல்லை.

"கையில தொடாதீங்க சாமி!" என்று கத்திக்கொண்டே வந்தார் அவர். "குச்சி எடுத்துக்கங்க."

"நீங்களும் தொடாதீங்க்கா. தள்ளி உக்காருங்க."

ஆளுக்கு இரண்டு குச்சியால் ஒவ்வொரு செடியாகத் தள்ளித் தள்ளி எண்ணினார்கள். முதல் குவியல் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் பார்த்தீனியம் இருந்தது, தும்பை இருந்தது, நெருஞ்சி இருந்தது. தொய்யக்கீரை மட்டும் ஒன்றுகூட இல்லை.

"போன வாரம் ஆறு இருந்துச்சே" என்றாள் சௌந்திரம்.

ராமாயி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, நல்ல கீரையாச்சேன்னு இப்பத்தான் பொறுக்கி எங்க ஆட்டுக்குப் போட்டேன்!"

வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆடு கட்டியிருந்தது. மூவரும் போய்ச் சேர்ந்தபோது அதன் முன்னால் நான்கு செடிகள் கிடந்தன. வாயிலிருந்து இரண்டு வேர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆடு இவர்களைப் பார்த்தது. இவர்கள் ஆட்டைப் பார்த்தார்கள். ஆடு அவசரமாக மென்றது.

"எண்ணு, எண்ணு!" என்று அலறினான் ராசு. "முழுங்கப் போகுது!"

"எண்ணிட்டேன். நாலும் ரெண்டும் ஆறு" என்றாள் சௌந்திரம்.

மறுநாள் கைலாசம் பஸ்ஸில் வந்து இறங்கினார். தண்டாயுதபாணி அவருக்கு மாலை போட்டார். பிறகு இருபது நிமிடம் பேசினார். அதில் 'நான்' என்பது எத்தனை தடவை வந்தது என்று ராசு விரல் விட்டு எண்ணினான். விரல் போதவில்லை.

ஒருவழியாகக் கட்டங்களுக்கு வந்தார்கள். கைலாசம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கோலம் ரொம்ப நல்லா இருக்கு. செடி எங்கீங்க?"

"அதுதாங்க விசேஷம்!" என்றார் தண்டாயுதபாணி. "இல்லவே இல்லை! பூஜ்யம்!"

கைலாசத்தின் முகம் விழுந்துவிட்டது. "நாலு வார வேலை வீணாப் போச்சே" என்று முணுமுணுத்தார்.

சௌந்திரம் நோட்டைக் கையில் எடுத்தாள். உள்ளதைச் சொன்னால் கண்காணிப்பாளருக்கு அவமானம். அந்தக் கோபத்தை அவர் ராமாயி அக்கா மேல் காட்டினால்? அக்கா துடைப்பத்தோடு ஓரமாக நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சௌந்திரம் நோட்டை நீட்டினாள்.

"வீணாப் போகலீங்க சார். கண்காணிப்பாளர் சார்தான் எல்லாத்தையும் வேரோட புடுங்கச் சொன்னாருங்க. கட்டத்துக்கு ஒரு குமியா வெக்கச் சொன்னதும் அவருதானுங்க. அதனால ஒண்ணு விடாம எண்ண முடிஞ்சுதுங்க. பார்த்தீனியம் மட்டும் நூத்தி முப்பத்தி நாலுங்க."

தண்டாயுதபாணியின் வாய் திறந்தது. மூடியது. பிறகு அவர் மெதுவாக நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமாமா. எல்லாம் ஒரு திட்டத்தோடதான் செஞ்சேன்" என்றார்.

கைலாசம் நோட்டைப் படித்தார். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. சத்தமாக வாசித்தார்: "குறிப்பு: தொய்யக்கீரை ஆறில் இரண்டு, எண்ணும்போது ஆட்டின் வாயில் இருந்தன. இப்போது இல்லை."

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருசத்துல இவ்வளவு நேர்மையான குறிப்ப நான் பாத்ததில்லை. செடிய யார் புடுங்குனது?"

சௌந்திரம் ராமாயி அக்காவின் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தாள். அந்தக் கைகளைப் பார்த்ததும் கைலாசத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டைத் தண்டாயுதபாணியிடம் நீட்டினார்.

"உங்க திட்டம்தானுங்களே. கையெழுத்தையும் நீங்களே போட்டுருங்க."

கையெழுத்து என்றால் தண்டாயுதபாணிக்கு உயிர். எதற்குக் கீழே போடுகிறோம் என்று படித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. 'பார்த்தீனியம் 134' என்ற வரிக்குக் கீழே வளைத்து, சுழித்து, அடியில் இரண்டு கோடு இழுத்துப் போட்டார்.

புதன்கிழமை கல்லூரி ஜீப் வந்தது. பூங்காவில் மற்ற இடங்களில் மண்டியிருந்த பார்த்தீனியத்தின் மேல் கரைத்துத் தெளிக்க உப்பு மூட்டைகள், தெளிப்பான்கள், கூட நான்கு ஆட்கள். ராமாயி அக்காவுக்குக் கைக்குத் தடவ ஒரு களிம்பு. அவர் பெயர் எழுதிய காகிதப் பையில் முழங்கை வரைக்கும் வருகிற ரப்பர் கையுறை ஒரு ஜோடி.

ராமாயி அதை மாட்டிக்கொண்டு, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி சாமி இருக்கறேன்?"

"பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா மாதிரி இருக்கறீங்க்கா" என்றாள் சௌந்திரம்.

"அப்படியா?" ராமாயி குனிந்து, புதிதாகத் தலை நீட்டிய ஒரு பார்த்தீனியத்தின் தூரைப் பிடித்தார். "அப்பொ மொத நோயாளி, நீ வா!"