அடையாற்றில் பூக்கும் தங்கபுஷ்பம்

மழைக்குப் பயந்துதான் உள்ளே ஓடினாள். லஸ் முனையில் இப்படியொரு ஓவிய ஹால் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தவள்... அப்படியே நின்றுவிட்டாள்.

கூரையைத் தொடும் உயரத்துக்கு ஒரு மஞ்சள் பூ! ஃபேன் காற்றில் இதழெல்லாம் சரசரவென்று... இது என்ன பூ? கிட்டே போனாள். அட, அத்தனையும் பாலிதீன் கவர்! கீழே ஓர் அட்டை.

"தங்கபுஷ்பம். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் வருஷம் பூராவும் பூக்கும். வாடாது. அழுகாது. மாடு தின்றால் மாடு சாகும்."

அவளுக்குக் காது சுட்டது.

"யாரு இதை எழுதுனது?"

"நான்தான். நன்னாருக்கா?" ஏணியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். தலைமுடியெல்லாம் பசை. கண்கள் மட்டும் மழையில் கழுவின மாதிரி...

"என் பேரு தங்கபுஷ்பம்."

"ஐயையோ... கவர்ல இருந்தது ஏதோ கடைப் பேருன்னு நான்..."

"கடைப் பேருதான்! எங்கப்பா நல்லசிவம். நான் பொறந்த வருஷம் என் பேர்லயே தி.நகர்ல ஜவுளிக்கடை வச்சாரு. ஏன் சார், என்னைத் தின்னா மாடு சாகுமா?"

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. அவளுக்கும் உதட்டோரம் துடித்தது... ஆனாலும் விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை கண்காட்சி தொறந்தா ஊரே படிக்கும். எங்கப்பா தெருவுல தலைகாட்ட முடியாது. அட்டையை எடுத்துடுங்க."

அவன் முகம் வாடியது. ஒரு வருஷ உழைப்பு அது.

"ஒண்ணு பண்ணுங்கோ. நாளைக்குக் காலம்பற ஆத்துக்கு வாங்கோ. பார்த்துட்டு, அப்பவும் எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்." அழைப்பிதழ் ஒன்றைக் கொடுத்தான். பின்னால் பெயரும் விலாசமும். சந்திரமௌலி, சித்திரக்குளம், மயிலாப்பூர்.

ஆத்துக்கா? மயிலாப்பூர்க்காரர்கள் வீட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். என்ன தைரியம்! ஆனாலும்... வீட்டில் அப்படி என்னதான் வைத்திருப்பான்?

மறுநாள் கதவைத் திறந்தது அவன் அம்மா சூடாமணி.

"சந்திரமௌலி ஆத்துக்கு வரச் சொன்னாரு..."

"பொண்ணையா? ஆத்துக்கா? அவனா!" அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. காபி வந்தது. நாலு கேள்விகளும் வந்தன. ஐந்தாவதில்தான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது.

"அடடா... அவன் சொன்னது அடையாத்தைம்மா! அங்கே உடைஞ்ச பாலத்தண்டை உனக்காகக் காத்துண்டிருப்பான், போ போ!"

வெட்கத்தோடு ஆட்டோ பிடித்தாள்.

முழங்கால் சேற்றில் நின்று கவர்களை இழுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கண்ணில் ஒரு வெளிச்சம்... "வரமாட்டேளோன்னு நெனைச்சேன்!"

"உங்க வீட்ல காபி குடிச்சிட்டு வர்றேன்," என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் ஆற்றைப் பார்த்தாள். கரையோரச் செடியின் ஒவ்வொரு வேரிலும் மஞ்சள். ஒவ்வொரு மஞ்சளிலும் அவள் பெயர். ஒரு கொக்கின் காலிலும் அவள் பெயர்தான் சுற்றியிருந்தது.

"அட்டையை எடுத்துடறேன்," என்றான் மெதுவாக. "அது உங்க பேர்னு தெரிஞ்சப்புறம்... மனசு வரலை."

"எடுக்கக் கூடாது." கொக்கைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பாவை இங்கே கூட்டிட்டு வர்றேன். முதல்ல ஆத்தைப் பார்க்கட்டும். அப்புறம் அட்டையைப் படிக்கட்டும்."

"கோவிச்சுக்க மாட்டாரா?"

"ராத்திரியே சொல்லிட்டேன். 'ஏட்டி, அந்தப் பய கைய ஒடிச்சிருதேன்'னாரு."

"ஒடிக்கட்டுமே. பொண்ணு கேக்கறதுக்கு வாய் இருக்கே..."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். தூறல் ஆரம்பித்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

"அப்பாகிட்டதான் கேப்பீங்களா? என்கிட்ட கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா...?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். "சரின்னுதான் சொல்லுவேன். கையைக் கொடுங்க... வழுக்குது."