ஒரு விரல் ஒல்லியான பொம்மை

மே 12. இன்று ஒரு சிறு பிழை செய்தேன்: இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துவிட்டேன்.

மாலைநேரத் தையல் வகுப்பிலிருந்து வந்ததும் சின்னவள் தன் நாட்குறிப்பில் இப்படித்தான் எழுதி வைத்தாள். அங்கே ஒவ்வொருவரும், தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்க, தன் உடம்பின் அளவுக்கே பஞ்சு திணித்து ஒரு பொம்மை செய்தாக வேண்டும். தலை இல்லாத, கை இல்லாத முண்டம். அவளுடையது ஒரு விரல் ஒல்லியாக வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் பஞ்சு வைம்மா, சரியாயிடும்," என்றார் டீச்சர்.

அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து தன் அறையின் மூலையில் நிறுத்தினாள். பொம்மையைத் திருத்துவதைவிடத் தன்னைத் திருத்திக்கொள்வது எளிதாகத் தோன்றியது.

சில வாரங்களில் அவள் இடுப்பு பொம்மையின் அளவுக்கு வந்தது. அன்று மாலையே, பொம்மைக்குப் போட்டிருந்த சட்டையின் குண்டூசிகள் தரையில் கிடந்தன. காலையில் இறுக்கமாக நின்ற சட்டை தொளதொளத்தது. பஞ்சு எங்கும் சிந்தவில்லை. தையல் எங்கும் பிரியவில்லை. பொம்மை இளைத்திருந்தது.

அவளும் இளைத்தாள். மறுபடி அது இளைத்தது.

"சாப்டியாடி?" அக்கா சமையலறையிலிருந்து கேட்பாள்.

"க்ளாஸ்லயே சாப்டுட்டேன்க்கா."

"தினமும் சாப்பாடு போடுற தையல் க்ளாஸா? சொல்லு, நானும் வந்து சேர்றேன்."

ஒரு மழை மாலையில், அவள் அறையில், தையல் எந்திரத்தின் எண்ணெய் வாடையும் கதவிடுக்கு வழியே வந்த தாளிப்பு வாடையும் ஒன்றாகிக் குமட்ட, விரல் நுனிகள் விறைத்து ஊசி கூடப் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தபோது, மெல்லிய உறுமல் ஒன்று கேட்டது. வயிறு உறுமும் சத்தம். தன்னுடையதுதான் என்று நினைத்து எழுந்தாள். தரை சாய்ந்தது.

கண் திறந்தபோது தலை அக்காவின் மடியில் இருந்தது.

"ரெண்டாவது தடவை விழற. சீப்பு நிறைய முடி, எந்நேரமும் குளிர், சோத்தைக் கண்டாலே பொய். இது ஒல்லியாகுறது இல்லடி, நோய். நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கறவ இதை இத்தனை தடவை சொல்ல மாட்டா."

மீண்டும் உறுமல்.

"பாரு, பசியில வயிறு கத்துது." அக்கா அவள் வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அந்த வயிறு அசையவே இல்லை. கல் போலக் கிடந்தது.

"அது நான் இல்லக்கா."

உறுமல். மூலையிலிருந்து.

இருவரும் திரும்பினார்கள். பொம்மையின் கழுத்தில் தொங்கிய அளவு நாடா இடுப்புக்கு இறங்கியிருந்தது. சுற்றியிருந்தது. இறுகியது. ஒரு விரல். இன்னும் ஒரு விரல். உள்ளே இருந்தது பஞ்சு இல்லை. ஏதோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 3. நாளை காலை அக்காவோடு டாக்டரிடம் போக வேண்டும். எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளம்பும்போது பொம்மை நிற்கும் அந்த அறையை வெளியிலிருந்து பூட்ட வேண்டும்.