கை காட்டிய இடம்

கண்ணை மூடிக் கையை நீட்டினால் போதும், ஸ்டெபின் கிடக்கும் பக்கம் பர்னபாசுக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் போனாலும், கட்டிலில் புரண்டு படுத்தாலும் அந்த இடம் அசையாமல் வடகிழக்கே, கடலுக்குள் இருந்தது. கடல் கண்ணில் படக்கூடாது என்றுதான் மில்லர்புரத்துக்கு வீடு மாறினான். இன்று காலை பல் தேய்க்கும்போது அது தெற்கே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்தது.

படகு ஓட்டுகிறவனுக்கு வரைபடம் தலைக்குள்ளேயே உண்டு. கரையில் மாதா கோயில் கூம்பும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் எவ்வளவு விலகித் தெரிகின்றன என்று ஒருமுறை பார்த்தால், கீழே எந்தப் பாறைத்திட்டு என்பது ஆயுசுக்கும் மறக்காது. மறந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், தடை செய்த தீவுக்குப் பக்கத்தில், சங்கு எடுக்க ஸ்டெபினை இறக்கியிருந்தான். தூரத்தில் ரோந்துப் படகு தெரிந்தது. அதே நேரம் கையில் இருந்த கயிறு இரண்டு முறை இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். பர்னபாஸ் கயிற்றையும், படகின் டீசல் கம்ப்ரசரிலிருந்து கீழே மூச்சு போகும் காற்றுக்குழாயையும் அறுத்துவிட்டு ஓடிவந்தான். தேடப் போனவர்களிடம் நாலு மைல் தள்ளி வேறு இடத்தைச் சொன்னான். பாவி, கூசாமல் சொன்னான்.

மத்தியானம் ஸ்டெபினின் அம்மா ஹில்டா வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஏலே பர்னபாஸ், எடத்த சரியாத்தான் சொன்னியா? ஒரு எலும்பு கெடச்சாக்கூட கல்லறையில வச்சிருவேன்லா."

"அங்கனதான் பெரியம்மா எறங்குனான்."

சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் நகர்ந்தது. தெருவுக்குள் வந்துவிட்டது.

அவளுக்குத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனான். கரண்ட் இல்லாத வீட்டின் புழுக்கத்தில் டீசல் புகையும் வெயிலில் காய்ந்த ரப்பர் குழாயும் கலந்த வாடை அடித்தது, சுவருக்கு அந்தப்புறம் யாரோ ஈரக்காலோடு மெதுவாக நடக்கிற சத்தம் கேட்டது, பிறகு அது சுவருக்கு இந்தப்புறம் கேட்டது. பர்னபாஸ் திரும்பினான். இதுவரை அவன் திரும்பினாலும் அந்த இடம் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது அதுவும் கூடவே திரும்பியது.

முதுகுக்குப் பின்னால். மறுபடி திரும்பினான். முதுகுக்குப் பின்னால்தான். ஒரு முழம். ஒரு சாண்.

பிறகு பின்னாலும் இல்லை.

செம்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி அவள் முன்னால் மண்டியிட்டான். "பெரியம்மா, நான் சொன்னது பொய். உண்மையான எடத்தக் காட்டுதேன்."

கண்ணை மூடிக் கையை நீட்டினான். முழங்கை மடங்கியது. விரல் அவன் நெஞ்சிலேயே வந்து குத்தி நின்றது.

"எங்கனலே?"

கோயில் கூம்பு நினைவுக்கு வரவில்லை. புகைபோக்கி வரவில்லை. சொல்ல வாயைத் திறந்தான். உப்புத்தண்ணீர் தாடையில் வழிந்தது.

ஹில்டா குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள். அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"ஸ்டெபினு," என்றாள், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

விலா எலும்புக்கு உள்ளே ஏதோ இரண்டு முறை இழுத்தது.