ஒரு விரற்கடை

பெனிஸ்டனின் நாற்காலிக் கால்களில் ஒட்டியிருந்த நான்கு கம்பளித் துண்டுகளில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது. ஜெபசுதா அதைப் பிய்த்து முகர்ந்து பார்த்தாள். கடல் வாடை. அந்த அறையின் ஜன்னலைப் பத்து நாளாக அவள் திறக்கவில்லை. குடிக்கத் தண்ணீர்கூட உள்ளே கொண்டுபோவதில்லை.

தரை போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் பெனிஸ்டன், மார்ச் மாதம் நடுக்கடலில் காணாமல் போனான். தோணி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அதன்பிறகு அதில் ஏற ஆள் கிடைக்காமல் தோணியை உடைத்துவிட்டார்கள். அவன் கடைசியாக நின்ற பலகைகளைக் கேட்டு வாங்கிப் படுக்கையறையில் தரையாகப் போட்டாள். அடக்கம் பண்ண ஒரு விரல்கூடக் கிடைக்காதவள் வேறு என்னதான் செய்வாள்?

தச்சர் இசக்கிராஜா சுவரோரம் நெடுக ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தார். "மரம் வீங்கும், சுருங்கும் டீச்சர். அதுக்கு எடம் வேணும்லா. தண்ணி மட்டும் படவே கூடாது. காஞ்ச துணியால மரத்தோட ரேகை வாக்குல தொடைங்க. மூலைக்கு மூலை கல்லுப்பு வைங்க, ஈரத்தை இழுத்துரும்." செருப்பை மாட்டியவர் வாசலில் தயங்கி நின்றார். "ஒங்க சாரோட சேத்து அந்தத் தோணி ஏழு பேரைக் கடல்ல விட்டுட்டு வந்திருக்கு. இதைப் போயி வீட்டுக்குள்ள போட்டுட்டியளே."

அவர் சொன்னதை ஜெபசுதா சொன்னபடி செய்தாள். கட்டில் கால்களுக்குக்கூடக் கம்பளி ஒட்டினாள். பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்காவுக்குச் சிரிப்பு. "ஏளா, நடக்கதுக்குத்தானே தரை போட்ட? தொட்டில்ல போட்டு ஆட்டாத குறையால்லா இருக்கு!"

ஜெபசுதாவும் சிரிக்கப் பார்த்தாள். எட்டு மாதமாகச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உள்ளே மரத்துப்போயிருந்தது.

காலையில் வைத்த கல்லுப்பு மதியத்துக்குள் கிண்ணத்தில் தண்ணீராய்க் கிடந்தது. ஐப்பசி மழைதான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மழை விட்ட பிற்பகல்களில், துறைமுகத்துக் கிரேன் சத்தமும் ஓய்ந்து தெரு அடங்கும்போது, அந்த விரற்கடை இடைவெளியிலிருந்து பாசியும் டீசலும் அழுகிய கயிறும் கலந்த வாடை மெல்லக் கசிந்து வரும். கூடவே, ஈர மணலில் யாரோ புரண்டு படுப்பதுபோல ஒரு சத்தமும்.

நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். பிளாரன்ஸ் அக்கா வாளி, விளக்குமாறு, பூ, மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டாள். ஊரே புறப்பட்டது. செத்தவர்களின் கல்லறையைக் கழுவிப் பூப்போடாத குடும்பம் உண்டா? அந்தத் தெருவில் கழுவக் கல்லறை இல்லாதவள் இவள் ஒருத்திதான்.

ஜெபசுதா ஒரு வாளித் தண்ணீரை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தினாள். இசக்கிராஜா சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் முழங்காலிட்டு, தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றி, கல்லறையைக் கழுவுவதுபோல ஒவ்வொரு பலகையாகக் கழுவினாள்.

வாளி காலியானபோது தரையில் ஈரமே இல்லை. அவ்வளவு தண்ணீரையும் பலகைகள் குடித்திருந்தன. விழுங்கும் சத்தம் கேட்டது.

ஒரு பலகை மேலே வளைந்தது. பக்கத்தில் இன்னொன்று. மரம் வீங்குகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். எழுந்து கதவை இழுத்தாள். வீங்கிய பலகை கதவை அடியில் முட்டிப் பிடித்திருந்தது. கதவு அசையவில்லை.

சுவரோர இடைவெளியில் ஏதோ அசைந்தது.

பல்லி என்று நினைத்தாள்.

விரல்.

வெளுத்திருந்தது. நாள்கணக்கில் ஊறிச் சுருங்கிய தோல். நகத்துக்கடியில் மணல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு நாலு. பிறகு சுவரின் நீளத்துக்கும். நாலு பக்கமும்.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. காய்ந்த துணியைத்தான் எடுத்தாள். பெனிஸ்டன் கல்யாண மோதிரத்தைக் கழற்றியதே இல்லை. மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துப் பார்த்தாள். இது இல்லை. இதுவும் இல்லை. ஒரு சுவர் முடிந்தது. இரண்டு. மூன்று.

நாலாவது சுவரில், அவன் நாற்காலிக்கடியில், மோதிரம் இருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள். எட்டு மாதத்தில் முதல்முறையாகக் கண் கலங்கியது. தன் விரலை நீட்டி அதைத் தொட்டாள்.

அது மெல்ல மடங்கி அவள் விரலைக் கொக்கிபோல் பிடித்துக்கொண்டது. கெட்டியாக.

நாலு சுவரோரமும் மற்ற விரல்கள் பலகையின் ஓரத்தைப் பற்றித் தரையைத் தூக்க ஆரம்பித்தன.