ஒன்பதாவது பொத்தான்

“ரவுட்டர் விளக்கு சிவப்பா எரியுதாம்” என்றார் போனில் ஆபரேட்டர் ஐயா.

அவள் விசைப்பலகையிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டாள். காலை பதினொரு மணி. ஜன்னல் வழியாக வந்த வெயில் இடது முழங்கை வரை ஏறியிருந்தது. மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிட்டது. மேல்மாடியில் யாரோ துணியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வழக்கப்படிதான் இருந்தது, அந்த ஒரு சொல்லைத் தவிர. எரியுது என்றால் பார்த்தவர் சொல்வது. எரியுதாம் என்றால் யாரோ சொல்லக் கேட்டவர் சொல்வது. ஆபரேட்டர் ஐயா பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மனைவி போனபின் தனிக்கட்டை. சிவப்பு என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

பார்வையற்றவர்களுக்கு இணைய ரேடியோ கொடுக்கும் ஒரு சங்கத்தின் உதவித் தொலைபேசியில் அவளுக்கு வேலை. வீட்டிலிருந்தே பார்ப்பாள். அவளுக்கும் ஏழு வயதிலிருந்து பார்வை கிடையாது. ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்கிற மற்ற உதவி மையங்களைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் இவளிடம் வந்து சேர்வார்கள். விளக்கு என்ற பேச்சையே அவள் எடுக்க மாட்டாள். உள்ளங்கையை ரவுட்டர் மேல் வையுங்கள், சூடு இருக்கிறதா? பிளக்கைப் பிடுங்கி, முப்பது எண்ணிவிட்டுச் செருகுங்கள். ரேடியோவில் முதல் பொத்தானை அழுத்துங்கள், என்ன சொல்கிறது? ஒவ்வொன்றையும் தன் அலமாரியில் இருக்கும் அதே மாதிரி ரேடியோவில் தானும் செய்துகொண்டே சொல்வாள். அப்போதுதான் எதிர்முனையில் விரல் எங்கே தடுமாறுகிறது என்று அவளுக்குப் பிடிபடும். பொத்தான் அழுந்துகிற சத்தத்தை வைத்தே எந்தப் பொத்தான் என்று சொல்லிவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் ‘பாம்புச்செவி’ என்றே பெயர்.

“ஐயா, கூட யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லையேம்மா.”

“அப்ப சிவப்புன்னு யார் சொன்னா?”

அவர் சிரித்தார். முப்பது வருடம் ஒரு பெரிய அலுவலகத்தின் தொலைபேசிகளை இணைத்துக் கொடுத்த குரல் அது. எதற்கும் பதறாத குரல்.

“ரேடியோதான் சொல்லுது. நாலு நாளா நெட் இல்ல. ஒரு ஸ்டேஷனும் எடுக்கல. ஒன்பதாவது பொத்தான்ல மட்டும் ஒண்ணு வருது. நான் அதுல எந்த ஸ்டேஷனையும் வெச்சதில்ல. அது எல்லாத்தையும் சொல்லுதும்மா. மேசையில தூசி இருக்குன்னுது. சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்லைன்னுது. தொட்டுப் பாத்தேன், நிஜமாவே இல்ல!”

முழங்கையில் வெயில் இருந்தும் அவளுக்குச் சில்லிட்டது. ஆனால் ஆறு வருட வேலை சும்மா விடுமா? கோளாறு என்றால் காரணம் இருக்கும். காரணம் இருந்தால் பிளக் இருக்கும்.

“ரவுட்டர் பிளக்கைப் பிடுங்குங்க ஐயா.”

“பிடுங்கிட்டேன்.”

“இப்ப ஒன்பதை அழுத்துங்க. நானும் அழுத்துறேன்.” அவளும் அழுத்தினாள். ‘நிலையம் இல்லை’ என்றது அவளுடைய ரேடியோ. “உங்களோடது என்ன சொல்லுது?”

“பேசிக்கிட்டுதான் இருக்கு.”

“ரேடியோ பிளக்கையும் பிடுங்குங்க.”

“அதையும்தான் பிடுங்கினேன்.”

உள்ளே பேட்டரி இருக்கிறது, அதில் ஓடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேட்டரியில் ஓடட்டும். இணையம் எங்கிருந்து வருகிறது?

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் மேலதிகாரியிடம் தள்ளிவிட்டுக் கை கழுவியிருப்பார்கள். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வீம்பு அவள் ரத்தத்தில் ஊறியது. இந்த வீட்டுக்கு அவள் தனியாகக் குடிவந்ததே அப்படித்தான். கூடாது என்று அண்ணன் தலைகீழாக நின்று பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “ஒரே ஒரு தடவை, பயமா இருக்கு வாங்கண்ணான்னு கூப்பிட்டேன்னு வை, அன்னைக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடணும்.” “சரி, வெச்சுக்குங்க” என்றாள் அவள். ஐந்து வருடம் ஆகிறது. சமையல் கேஸ் கசிந்த அன்றும் கூப்பிடவில்லை, காய்ச்சலில் குளியலறையில் விழுந்துகிடந்த அன்றும் கூப்பிடவில்லை. அண்ணன் வீட்டில் அவளுக்கு ஓர் அறை தயாராகக் காத்திருந்தது. அங்கே போனால் அண்ணி அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பாள், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். நல்ல மனசுதான். நினைத்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஐயா, போனை ரேடியோகிட்டப் பிடிங்க. நானும் கேக்குறேன்.”

துணி உரசியது. அறையின் ஓசை மாறியது. நல்ல பெரிய அறை, சாமான் குறைவு, ஒரு சுவர்க்கடிகாரம். பிறகு அந்தக் குரல் வந்தது. ஒரு பெண் குரல். வயது சொல்ல முடியவில்லை. இரவெல்லாம் பேசிப் பேசிச் சலித்துப்போனவளின் குரல், ஏற்ற இறக்கமில்லாமல்.

“ஆள் மேசைக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கார். வலது கையில போன். இடது கை மடியில. முன்னால ஒரு நாற்காலி கிடக்கு. அதைச் சுத்தி வரணும்.”

“கேட்டியாம்மா?” என்றார் ஆபரேட்டர் ஐயா ஆசையோடு. “எத்தனை பேர் பேச்சை இணைச்சு விட்டிருக்கேன். எனக்குன்னு ஒரு குரல் இப்பதான் கிடைச்சிருக்கு.”

ரேடியோ சொன்ன கடைசி வாக்கியம் அவள் காதில் சிக்கிக்கொண்டு நின்றது. அவர் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியை எதற்குச் சுற்ற வேண்டும்? அதுவும் சுற்றிப் ‘போகணும்’ இல்லை, சுற்றி ‘வரணும்’. தெரியாத இடத்துக்கு வருகிற பார்வையற்றவருக்கு அவளே ஆயிரம் தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள். முன்னால் நாற்காலி, சுற்றி வாங்க. இடது பக்கம் மேசை, பார்த்து வாங்க. இது வர்ணனை இல்லை.

வழி சொல்கிறது.

“ஐயா, எழுந்திரிங்க. வாசலுக்குப் போங்க.”

“ஏம்மா, என்ன—”

“கேள்வி கேக்காதீங்க! அது உங்களுக்குச் சொல்லல ஐயா!”

“பின்ன யாருக்கு?”

“மூணு அடி” என்றது குரல். “ரெண்டு.”

நாற்காலிக் கால் தரையில் தேய்ந்தது. மெதுவாக, யாரோ கையால் தடவி நகர்த்துகிற மாதிரி.

“யாரு?” என்றார் ஆபரேட்டர் ஐயா. கோபமில்லை. வீட்டுக்கு வந்தவரைக் கேட்கிற குரல்.

“ஒண்ணு.”

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கத்தல் இல்லை, விழுகிற சத்தம் இல்லை. போன் துண்டிக்கப்படவும் இல்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “ஐயா, ஐயா” என்று அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மேலதிகாரிக்குத் தட்டச்சு செய்தாள்: ஆபரேட்டர் ஐயா வீட்டுக்கு உடனே ஆள் அனுப்புங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கதவை உடைக்கச் சொல்லுங்கள். கணினி அதைத் திரும்ப வாசித்துக் காட்டியது. அனுப்பினாள்.

அலமாரியில் அவளுடைய ரேடியோ, “இணைப்பு கிடைத்தது” என்றது.

ஒன்பதாவது பொத்தான். அவளும்தான் அழுத்தியிருந்தாள்.

“ஆள் மேசை முன்னால உட்கார்ந்திருக்காங்க” என்றது ரேடியோ. “காதுல ஹெட்போன். ரெண்டு கையும் கீபோர்டு மேல.”

இப்போது பேசியது பெண் குரல் இல்லை. ஆபரேட்டர் ஐயா.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். மேல்மாடியில் துணி துவைப்பது நின்றிருந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. அறையில் ஒரு வாசனை. நெடுநாள் பூட்டிக்கிடந்த பீரோவைத் திறந்தால் வருகிற வாசனை. வெயில் இன்னும் முழங்கையில்தான் இருந்தது. பட்டப்பகல். அவளுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. பகலில் அவள் பயந்ததே கிடையாது.

“ஐயா, நான்தான் ஐயா. என்னைத் தெரியலையா?”

“பேசுறாங்க” என்றார் அவர், பதற்றமே இல்லாமல். “முகம் ரேடியோ பக்கம் திரும்பியிருக்கு.”

அந்தக் கருவியைத் தூக்கித் தண்ணீர் வாளியில் போட்டுவிட வேண்டும். எழுந்தாள். அலமாரி நான்கு அடி. இரண்டு அடி வைத்தாள்.

“அவங்களே வர்றாங்க. நீங்க அங்கேயே நில்லுங்க.”

கால் நின்றுவிட்டது.

நீங்க. அங்கேயே. அலமாரிக்குப் பக்கத்தில்.

மெல்லப் பின்வாங்கினாள். வாசல் வலப்பக்கம், ஏழு அடி. ஓடலாம். ஓடினால் தெருவில் நின்று யாரைக் கூப்பிடுவாள்? அண்ணனைத்தான். போன் சட்டைப்பையில் இருந்தது. முதல் எண்ணே அவருடையது. ஓர் அழுத்து. அண்ணி கையைப் பிடித்து உட்கார வைப்பாள். இந்த வீட்டை வந்தவன் எடுத்துக்கொள்வான்.

பயத்துக்கு அடியிலிருந்து கோபம் கிளம்பியது. கண்ணுள்ள எத்தனை பேர் அவளுக்கு வழி காட்டுகிறேன் என்று வந்திருப்பார்கள்! யாரையும் அவள் இந்த வீட்டுக்குள் விட்டதில்லை. இங்கே வந்து நிற்பவனுக்கோ கண் இல்லை, அதனால்தான் வழி சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது. காதும் இன்னொருவருடைய வாயும்தான் இருக்கின்றன. அந்தக் காதை அடைத்துவிட்டால்?

பார்வை இல்லாதவரை எது குருடாக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

சமையல் மேடைக்குப் பாய்ந்தாள். மிக்ஸியைக் காலியாகவே போட்டு முழு வேகத்துக்குத் திருப்பினாள். குழாயைத் திறந்து, அதன் அடியில் எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். டிவியின் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். வீடு அதிர்ந்தது. ரேடியோவின் குரல் அதில் எங்கோ முங்கிப்போனது. ஐந்து வருடமாக ஒரு விரற்கடை நகராத நாற்காலிகளை இழுத்துக் கவிழ்த்தாள். முக்காலியை நடுவில் உருட்டிவிட்டாள். மேசையைக் குறுக்கே தள்ளினாள். அவளுக்கும் இனி எதுவும் கேட்காது. எது எங்கே என்று அவளுக்கும் தெரியாது. பரவாயில்லை.

“வா!” என்று கத்தினாள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. “வந்து பாரு! இது என் வீடு!”

வெறுங்காலைத் தரையில் ஊன்றி, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். உள்ளங்காலில் மிக்ஸியின் அதிர்வு. குழாய்த் தண்ணீரின் அதிர்வு. அப்புறம், வேறொன்று.

தட்.

முக்காலி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தாள், கன்னத்தில் கண்ணீர் ஓட ஓட. “முட்டிக்கிட்டியா? இன்னும் இருக்கு, வா!”

தரை சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு நாற்காலி ஒன்று மெல்ல நகர்ந்தது. முட்டி நகரவில்லை. தடவி நகர்ந்தது. பொறுமையாக. ஓரம், கால், முதுகுச்சட்டம் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே. அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

மேசையின் விளிம்பு அவள் இடுப்பை உரசி விலகியது.

பூட்டிய பீரோ வாசனை.

போனை எடுத்தாள். கட்டைவிரல் முதல் எண்ணின் மேல் நின்றது. அழுத்தவில்லை. போனைத் தரையில் போட்டாள்.

“நானே பாத்துக்கறேன்” என்றாள்.

வலது கையை நீட்டினாள்.

காற்று. காற்று. ஒரு கை.

காய்ந்த, மெலிந்த கை. அதுவும் நீண்டுதான் இருந்தது. அதன் விரல்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாய்த் தடவின. நகத்தைத் தடவின. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்தாள். எலும்பு நொறுங்கட்டும் என்று பிடித்தாள். முகத்தைத் தேடி இடது கையை அதன் மேல் ஏற்றினாள்.

மணிக்கட்டு.

முழங்கை.

அதற்கு மேல் தோள் வரவில்லை. இன்னொரு முழங்கை வந்தது.

அதற்கும் மேலே, இன்னொன்று.

அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கால் பெருவிரலில் எம்பி, இன்னும் மேலே தடவிப் போனாள்.